மூன்றடிக் கண்ணாடிப் பெட்டியில் மலிவான பழம்பொருள்கள்: வாடகைக்காவது தேறுமா?

கேள்வி: தகரப்பெட்டி (யாங்கோன், மியான்மர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் ஸ்காட் மார்க்கெட் என்றே சொல்லிவரும் போஜோ ஆங் சான் சந்தையில், உறவினர் ஒருவருடைய கடையின் முன்பக்கத்தில் மூன்றடி நீளமுள்ள கண்ணாடிப் பெட்டி ஒன்றை மாத வாடகைக்கு எடுத்து மூன்று மாதங்கள் ஆகின்றன. என் தாத்தாவின் தகரப் பெட்டியில் கிடந்தவையும், பழைய வீடுகளைக் காலி செய்கிறவர்களிடம் மொத்தமாக வாங்கியவையும்தான் என் சரக்கு. பழைய நாணயங்கள், செல்லாமற்போன நோட்டுகள், தீப்பெட்டி ஒட்டுத்தாள்கள், மரத்தாலான நூல்கண்டுக் கட்டைகள், மூடி இழந்த சுண்ணாம்புச் சிமிழ்கள், சட்டைப் பொத்தான்கள் என்று எல்லாமே உள்ளங்கையில் அடங்குகிறவை.

இவற்றில் பெரும்பாலானவற்றின் விலை, எங்கள் நாட்டுப் பணமான சாட்டில், 1,000 சாட்டிலிருந்து 5,000 சாட்டுக்குள் அடங்கிவிடுகிறது. பெட்டியைச் சுற்றி ஆள் நிற்காத நேரமில்லை; எடுத்துக் காட்டச் சொல்கிறார்கள், கதை கேட்கிறார்கள், அரைமணி நேரம் கழித்து 2,000 சாட் பொருளை 1,000 சாட்டுக்குத் தருவீர்களா என்கிறார்கள். வாய் வலிப்பதுதான் மிச்சம். மலிவான பொருள்களை விட்டுவிட்டு, கடன் வாங்கியாவது பெரிய பொருள்களுக்கு மாறிவிடலாமா, அல்லது இவற்றையே விற்கும் முறையில் பிழை இருக்கிறதா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: நடுக்கூடத்துக் கடை (யாங்கோன்)

சகோதரிக்கு வணக்கம். அதே சந்தையில் பல ஆண்டுகளாகக் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், கடன் வாங்காதீர்கள். வெளிநாட்டார் வரவு வற்றிப்போன இந்நாட்களில் என் கடையிலுள்ள பெரிய பொருள்கள் மாதக்கணக்கில் தூசி தாங்கிக்கொண்டிருக்க, வாடகைப் பணத்தைக் கொண்டுவருவது வாசலிலுள்ள சில்லறைத் தட்டுகளே ஆகும்.

தங்கள் எழுத்திலிருந்து எனக்குத் தெரிவது, தங்களுக்கு நட்டம் பொருளில் ஏற்படவில்லை, நேரத்தில் ஏற்படுகிறது என்பதுதான். 2,000 சாட் பொருளுக்கு அரைமணி நேரம் பேரம் பேசினால் எந்த வியாபாரமும் தேறாது. ஆகவே பேரத்துக்கு இடமுள்ள பொருள் எது, இல்லாத பொருள் எது என்பதை வாய் திறக்காமலேயே வாடிக்கையாளருக்குத் தெரியும்படி செய்ய வேண்டும். நான் மூன்று மரத்தட்டுகள் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரே விலையைப் பர்மிய எழுத்தில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். அத்தட்டுகள் பெட்டிக்கு வெளியே, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். எடுத்துக்காட்டும் வேலை எனக்கு இல்லை. பூட்டிய கண்ணாடிக்குள் இருப்பவற்றுக்குத்தான் பேச்சு, கதை, பேரம் எல்லாம். தட்டிலிருந்து ஓரிரு பொத்தான் களவு போகத்தான் செய்கிறது. அதற்காகக் காவல் நின்றால் அந்த நேரத்துக்கான கூலி பொத்தானின் விலையைத் தாண்டிவிடும்.

விலையைக் குறைக்கச் சொல்கிறவர்களிடம் நான் குறைப்பதில்லை, கொசுறு தருகிறேன். மூன்று தீப்பெட்டித் தாள் எடுப்பவருக்கு நான்காவதைச் சேர்த்துக் கொடுத்தால் அவர் முகம் மலர்கிறது, தட்டின் விலையும் நிற்கிறது. குறைத்துக் கொடுத்தாலோ, பக்கத்தில் நிற்கிற இருவருக்கும் அதுவே விலையாகிவிடும்.

மலிவான பொருளுக்கு இன்னொரு பயனும் உண்டு. நாம் போணி என்பதைப் பர்மியர் ஜே ஊ பௌக் என்பார்கள். காலையில் முதல் விற்பனையில் வந்த நோட்டுகளால் சரக்கின்மீது தட்டிக்கொண்டே போகும் வழக்கத்தைத் தாங்கள் நாள்தோறும் பார்த்திருப்பீர்கள். பெரிய பொருளை நம்பி உட்கார்ந்தால் போணி ஆவதற்கே மதியம் ஆகிவிடும். 1,000 சாட் சுண்ணாம்புச் சிமிழ் பத்து மணிக்கே போணி செய்து கொடுத்துவிட்டால், அன்று முழுதும் வியாபாரியின் முகம் வேறாக இருக்கும். (இதற்குக் கணக்கில் இடமில்லை என்பது தெரியும், ஆனாலும் எழுதத் தோன்றியது.)

திங்கட்கிழமைகளில் சந்தை மூடியிருக்கும் அல்லவா, தரம் பிரிப்பதையும் விலை எழுதுவதையும் அன்று வீட்டில் முடித்துவிடுங்கள். கடையில் உட்கார்ந்து செய்ய வேண்டாம்.

பதில் 2: புலிக்காசு (மோல்மீன்)

மேலே எழுதிய ஐயாவின் கருத்தில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடே. ஆனால் நாணயங்களை ஒரே விலைத் தட்டில் கொட்டுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அப்படிக் கொட்டி நான் இழந்தது கொஞ்சமன்று.

பிரிட்டிஷ் இந்தியாவின், ஆறாம் ஜார்ஜ் மன்னர் முகம் பொறித்த ஒரு ரூபாய் நாணயங்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், எடையும் ஒன்றே, ஏறத்தாழ 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. ஆனால் 1939 வரை அடித்தவற்றில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி உண்டு. போர்க்காலத்தில் 1940 முதல் 1945 வரை அடித்தவற்றில் அது 50 பங்காகக் குறைந்தது. 1947இல் வந்தது முழு நிக்கல். தராசு இங்கே உதவாது. சிறு காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், நிக்கல் அதில் ஒட்டும், வெள்ளி ஒட்டாது. நிக்கல் ரூபாயின் பின்புறத்தில் புலி இருக்கும் என்பது மற்றோர் அடையாளம். வெள்ளியைப் பிரித்துக் கண்ணாடிக்குள் வைத்த பிறகு, நடுவில் துளையுள்ள 1943ஆம் ஆண்டு முதலான ஓட்டைக் காலணாக்களும், 1966இல் வந்த ஜெனரல் ஆங் சான் முகமுள்ள அலுமினியக் காசுகளும் தட்டுக்குப் போகட்டும். எதையும் புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். துலக்கிப் பளபளப்பாக்கிய காசைச் சேகரிப்பாளர் கையாலும் தொட மாட்டார்.

நோட்டுகளைப் பொறுத்தவரை, போர்க்காலத்தில் ஜப்பானியர் இங்கே வெளியிட்ட நோட்டுகள் மிகுதியாக அச்சானவை என்பதால் அவற்றுக்குப் பெரிய விலை எதிர்பார்க்க முடியாது. செல்லாமற்போன நம் நோட்டுகளை விற்பது அவற்றின் கதைதான். 1987 செப்டம்பரில் 25, 35, 75 சாட் நோட்டுகள் ஒரே நாளில் செல்லாதவையாயின, மாற்றுப் பணமும் கிடைக்கவில்லை. பின்னர் வந்த 45, 90 சாட் நோட்டுகள் ஒன்பதால் வகுபடும்படி அமைந்தவை. என் பாட்டி 75 சாட் நோட்டுக் கட்டு ஒன்றை அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்தார். நான் எடுத்தபோது ரப்பர் வளையம் உருகி, மேல் நோட்டின் குறுக்கே பழுப்புக் கோடாக ஒட்டிக்கிடந்தது. அந்த ஒன்றை நான் விற்கவில்லை. மற்றவற்றை, இந்த வரலாற்றை நான்கு வரியில் எழுதிய அட்டையோடு 45, 90 நோட்டுகளைச் சேர்த்து மும்மூன்று நோட்டுகளாகக் கட்டி விற்றேன். தனித்தனியே விற்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தொகையைவிட அது இரு மடங்குக்கு மேல்.

மழைக்காலத்தில் பிவிசி என்னும் மென்பிளாஸ்டிக் உறைகளை நம்பாதீர்கள். நாளடைவில் அவை பிசுபிசுத்து, நாணயத்தில் பச்சைக் கறை ஏற்றிவிடும். பாலியெஸ்டர் உறையும், பெட்டியின் மூலையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதுமானவை. காகிதப் பொருளின் மீது விலை ஒட்டியை நேராக ஒட்டுவது அதைக் கிழித்துக் கொடுப்பதற்குச் சமம். உறையின் மீது எழுதுங்கள்.

பதில் 3: பான்சோடான் நடைபாதை (யாங்கோன்)

ஒரு சிறு எச்சரிக்கை மட்டும். நூறாண்டுக்கு மேற்பட்ட பழம்பொருளை அனுமதியின்றி நாட்டைவிட்டுக் கொண்டுசெல்ல 2015ஆம் ஆண்டின் பழம்பொருள் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. பொருள் சிறியது, மலிவானது என்பதால் அது விலக்காகிவிடாது. விமானம் ஏறப்போகும் வாடிக்கையாளர் பழைய பட அஞ்சலட்டையோ விக்டோரியா காலக் காசோ கேட்டால், இதை முன்னதாகச் சொல்லிவிடுவது நேர்மை. அக்கால ஒளிப்படக்காரர் அகூஜாவின் பழைய ரங்கூன் (இன்றைய யாங்கோன்) பட அஞ்சலட்டைகள் என்று மொத்தமாக வருபவற்றையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்த பிறகே வாங்குங்கள். இன்றைய நகலில் நான்கு நிறப் புள்ளிகள் சிறுசிறு பூக்களைப்போல ஒரே சீராக அடுக்கியிருக்கும்.

தகரப்பெட்டி (யாங்கோன்)

மூவருக்கும் நன்றி. நேற்றுத் திங்கட்கிழமை என்பதால் தாத்தாவின் ரூபாய்களையெல்லாம் பாயில் பரப்பி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் இருந்த பொம்மைக் காந்தத்தை எடுத்துவந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினொன்றில் நான்கு ஒட்டின, நான்கிலும் புலி இருந்தது. ஒட்டாத ஏழில் இரண்டு 1939க்கு முற்பட்டவை. போன மாதம் 5,000 சாட்டுக்கு ஒருவர் இரண்டு ரூபாய் வாங்கிச் சென்றார். பேரமே பேசாமல், சற்று விரைவாகவே போனார். அவற்றின் பின்புறத்தில் என்ன இருந்தது என்று நினைவுக்குக் கொண்டுவர முயன்றுகொண்டே இருக்கிறேன். மரத்தட்டுக்குத் தச்சரிடம் சொல்லியாயிற்று.