65 மஸ்டாங்குக்கு ஃபோர்டின் அந்தக் காலத்துப் பவர் ஸ்டீரிங்: போடலாமா, வேண்டாமா?

எடிசன்289:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1965 மஸ்டாங் ஹார்ட்டாப். வண்டி எண் 5டி07சி என்று ஆரம்பிக்கிறது. அதாவது ஃபோர்டின் மெட்டுச்சென் ஆலையில் செய்தது, 289 வி8, இரண்டு பேரல் கார்புரேட்டர். (அந்த ஆலை இருந்தது நான் குடியிருக்கும் நியூ ஜெர்சி எடிசனில்தான். 2004இல் மூடிவிட்டார்கள். பிறந்த ஊரிலேயே வண்டி ஓடுவதில் எனக்குத் தனி சந்தோஷம்.) ஸ்டீரிங் மேனுவல், எண்ணெய் அழுத்தத்தின் உதவி இல்லாமல் கைபலத்தில் மட்டும் திரும்புவது. வண்டி நகர்ந்துகொண்டிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. ஓக் ட்ரீ ரோட்டில் கடை வாசலில் இடம் பார்த்து நுழைக்கும்போதுதான் உயிர் போகிறது. மனைவிக்குத் தோளில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து அவர் இந்த வண்டியைத் தொடுவதில்லை. அவர் மறுபடி ஓட்ட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. 1965இல் ஃபோர்டே ஆப்ஷனாக விற்ற பவர் ஸ்டீரிங்கின் உதிரிகளைத் தேடிப் பிடித்து மாட்டலாம் என்று இருக்கிறேன். உங்கள் கருத்து வேண்டும்.

பழையநட்டு:
தம்பி, என் பதில் வேண்டாம் என்பதுதான். மேனுவல் ஸ்டீரிங்கோடு ஆலையை விட்டு வந்த வண்டி அது. அறுபது வருஷமாக அப்படியே தப்பிப் பிழைத்ததை நாம் ஏன் மாற்ற வேண்டும்? ஃபோர்டின் அந்தப் பவர் ஸ்டீரிங்கில் சாலை எப்படி இருக்கிறது என்று கைக்கு ஒன்றுமே தெரியாது, ஒரு விரலில் சுற்றும். 271 குதிரைத்திறன் 'கே' எஞ்சினோடு வந்த 65 மஸ்டாங்குக்கு ஃபோர்டு இந்த ஆப்ஷனையே கொடுக்கவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதை விடுங்கள். இந்த வண்டியின் மேனுவல் ஸ்டீரிங் நல்ல நிலையில் இருந்தால் உயிர் போகிற அளவுக்குக் கனக்காது. கனக்கிறது என்றால் எங்கேயோ கோளாறு. ஸ்டீரிங் பெட்டியின் (தண்டின் அடியில் இருக்கும் கியர் பெட்டி) மேலே ஒரு திருகு இருக்கும். ஆட்டம் இருக்கிறது என்று யாராவது அதை இறுக்கிவிட்டிருப்பார்கள். ஆட்டம் போகும், கூடவே சக்கரம் தானாக நேருக்குத் திரும்புவதும் போய்விடும். அடுத்து ஐட்லர் ஆர்ம், இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் தண்டின் ஒரு முனையைத் தாங்கும் கை. அதில் இருப்பது ரப்பர் புஷ், சக்கரம் நேராக இருக்கும்போதுதான் நட்டை இறுக்க வேண்டும். திரும்பியிருக்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். பால் ஜாயின்ட்டில் (முன் சக்கரம் திரும்ப உதவும் உருண்டை மூட்டு) கிரீஸ் உண்டா? டயரில் காற்று எவ்வளவு? 6.95-14 டயருக்குக் கணக்குப் போட்டுச் செய்த ஸ்டீரிங் அது. இன்று எல்லோரும் மாட்டுவது அகல ரேடியல். நின்ற இடத்தில் திருப்பினால் கனக்கத்தானே செய்யும்? முதலில் இதையெல்லாம் பாருங்கள்.

வி8ரசிகை:
பழையநட்டு சார் சொன்ன சோதனைகள் எல்லாம் சரி, முதலில் அவற்றைத்தான் செய்ய வேண்டும். ஆனால் "வேண்டாம்" என்பதை நான் ஏற்கவில்லை. பவர் ஸ்டீரிங் என்றால் இலேசாகச் சுற்றுவது மட்டும்தான் என்று நினைக்கிறோம். சாதாரண மேனுவலில் மொத்த விகிதம் 27:1, அதாவது முன் சக்கரம் 1 டிகிரி திரும்ப ஸ்டீரிங்கை 27 டிகிரி சுற்ற வேண்டும். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 4.64 சுற்று. பவரில் கிட்டத்தட்ட 22:1, 3.73 சுற்று. ஹேண்ட்லிங் பேக்கேஜ் என்ற ஆப்ஷனில் வந்த வேகமான மேனுவலிலும் இதே 22:1தான். மேனுவலை இலேசாக்க ஃபோர்டு எடுத்த வழி விகிதத்தைக் கூட்டியது. அதனால்தான் வளைவில் கை மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டியிருக்கிறது. சாலை கைக்குத் தெரிவது நல்லதுதான், ஆனால் வண்டி சட்டென்று திரும்புவதும் ஓட்டும் சுகம்தானே?

இன்னொன்று. பவர் இருந்தால் அலைன்மென்டில் காஸ்டரை (முன் சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) கூட்டி வைக்கலாம். மேனுவலில் கூட்டினால் இன்னும் கனக்கும் என்று பயந்து எல்லோரும் குறைத்தே வைப்பார்கள். என் 66இல் கூட்டி வைத்திருக்கிறேன், நெடுஞ்சாலையில் கோடு போட்டது போல ஓடுகிறது.

அசல் என்று சொன்னீர்கள் சார். 65 வண்டியின் கதவுத் தகட்டில் பாடி, நிறம், உள் அலங்காரம், தேதி, விற்பனை மாவட்டம், ஆக்சில், கியர்பாக்ஸ் இருக்கும். பவர் ஸ்டீரிங் பற்றி ஒரு எழுத்தும் இருக்காது. ஃபோர்டின் பழைய பதிவுகளிலிருந்து வண்டியின் விவரம் தரும் மார்டி ரிப்போர்ட்டும் 1967 மாடலிலிருந்துதான் கிடைக்கும். சுமார் 85 டாலர் கூடக் கொடுத்து முதல் சொந்தக்காரர் வாங்கியிருக்கக்கூடிய அதே பொருளை, அதே வருஷத்து உதிரியாக மாட்டுவது அந்த வண்டிக்கு அவமரியாதை ஆகாது.

ஹூஸ்டன்_கராஜ்:
நான் இந்த வண்டிகளைப் பழுது பார்ப்பவன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். பவர் போடுங்கள், ஆனால் பழைய ஃபோர்டு சிஸ்டம் வேண்டாம். புதிதாக வருபவர்களுக்காக அது வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். உதவி ஸ்டீரிங் பெட்டிக்குள் இல்லை. பெட்டியிலிருந்து வரும் கை (பிட்மேன் ஆர்ம்) சக்கரங்களை இணைக்கும் தண்டோடு (சென்டர் லிங்க்) சேரும் இடத்தில் ஒரு கண்ட்ரோல் வால்வு. ஸ்டீரிங்கைத் திருப்பினால் அதிலுள்ள பால் ஸ்டட் உள்ளே ஸ்பூலை நகர்த்தும், அது பம்ப் அனுப்பும் எண்ணெயை ராம் சிலிண்டரின் ஒரு பக்கத்துக்குத் திருப்பிவிடும், ராம் சென்டர் லிங்கைத் தள்ளும். வால்வு, ராம், ஹோஸ்கள் எல்லாம் வண்டிக்கு அடியில் தண்ணீரும் மண்ணும் படும் இடத்தில் தொங்குகின்றன. எண்ணெய் கசியும் இடங்களை எண்ண ஆரம்பித்தால் முடியாது. வால்வை மையப்படுத்தும் நட்டு சரியாக இல்லை என்றால், எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் ஸ்டீரிங் தானாக ஒரு பக்கம் திரும்பும். நானே பார்த்திருக்கிறேன். பெரிய ஹெடர் (எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்) போட்டிருந்தால் ராமைக் கீழே இறக்க ஒரு பிராக்கெட் வேண்டும், அப்புறம் வேகத்தடையில் இடிக்கும்.

இப்போது போர்க்கெசன் நிறுவனம் விற்கும் பெட்டியில் எல்லாமே உள்ளே அடக்கம். கசிவு குறைவு, கைக்குச் சாலையும் தெரியும். அந்த அம்மாவின் தோளுக்கு அதுதான் நல்லது.

வி8ரசிகை:
கராஜ் சார், அதை மாட்ட 65இல் எதை வெட்ட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஹூஸ்டன்_கராஜ்:
ஸ்டீரிங் காலத்தை (column), அதாவது ஸ்டீரிங் தண்டையும் அதை மூடிய குழாயையும். 65இல் ஸ்டீரிங் தண்டும் பெட்டியும் ஒரே துண்டு, அதனால் குழாயைக் குட்டையாக்கி ஜாயின்ட் வைக்க வேண்டும். ஆனால் அதுகூட நல்லதுதான் என்பேன். பெட்டியிலிருந்து ஓட்டுநரின் நெஞ்சு வரை நீளும் ஒற்றைத் தண்டு அது, மோதினால் மடங்காது.

பழையநட்டு:
அப்படியானால் நான் பயந்தது சரி. வெட்டிய ஸ்டீரிங் காலம் வெட்டியதுதான், திரும்ப ஒட்டாது. தண்டைப் பற்றிச் சொன்னது உண்மைதான், ஆனால் நடுவில் ஜாயின்ட் வைத்ததால் மட்டும் அது 68இல் வந்த மடங்கும் ஸ்டீரிங் காலம் ஆகிவிடாது. டேஷுக்கு அடியில் மின்மோட்டார் வைப்பவர்களும் ஸ்டீரிங் காலத்தை வெட்டித்தான் வைக்கிறார்கள்.

தம்பி, மாட்டியே தீர வேண்டும் என்றால் ஃபோர்டு சிஸ்டத்தையே மாட்டுங்கள், பெரும்பாலும் போல்ட் வேலைதான். கழற்றியதையெல்லாம் எண்ணெய் தடவி எடுத்து வையுங்கள். என் கருத்து மாறவில்லை. ஓடும்போது பம்பைச் சுற்றும் பெல்ட் அறுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? 22:1இல் உதவி இல்லாமல் திருப்புவது 27:1ஐவிடக் கனம். தோள் வலிக்காரருக்கு அந்த ஒரு நாள் போதும்.

எடிசன்289:
அண்ணா, அது நான் யோசிக்காத கோணம். பெல்ட்டை வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுகிறேன். ஆனால் பெல்ட் அறுந்துவிடுமே என்று அவர் ஓட்டாமலே இருப்பதில் எனக்குச் சம்மதமில்லை. ஸ்டீரிங் காலத்தை வெட்டப் போவதில்லை, அது முடிவு. ஐட்லர், பால் ஜாயின்ட், திருகு மூன்றையும் இந்த மாதம் பார்த்துவிடுகிறேன். பென்சில்வேனியாவில் ஒருவர் 65 வி8இலிருந்து கழற்றிய முழு செட் வைத்திருக்கிறார். பம்ப், பிராக்கெட், புல்லி, வால்வு, ராம், சென்டர் லிங்க், பிட்மேன், ஐட்லர் எல்லாம் உண்டு. பெட்டி மட்டும் இல்லை. என் பழைய பெட்டியிலேயே மாட்டலாமா?

வி8ரசிகை:
மாட்டலாம். உதவி கிடைக்கும், ஆனால் சுற்று குறையாது. பெட்டியில் ஒரு சிறிய தகடு இருக்கும், பாருங்கள். எச்.சி.சி-ஏ.டி என்றால் 19:1 மேனுவல், எச்.சி.சி-ஏ.டபிள்யூ என்றால் பவருக்கான 16:1. (இவை பெட்டிக்குள் இருக்கும் விகிதம் மட்டும், முன்பு சொன்ன 27:1, 22:1 மொத்த விகிதம்.) தண்டும் சேர்ந்தே வரும் என்பதால் பெட்டியைப் பிறகு மாற்றுவது பெரிய வேலை. உங்கள் மனைவிக்குப் பார்க்கிங்தான் கஷ்டம் என்றால் 19:1ஐயே வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் அறுந்தாலும் இன்று இருக்கும் கனம்தான், அதற்கு மேல் பெரிதாக ஏறாது. சாரின் கவலைக்கும் அது பதில்.

பழையநட்டு:
அந்த ஏற்பாட்டுக்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். மாட்டியதும் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி வைத்து எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டீரிங் அசையாமல் நிற்க வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் வால்வு நட்டைத் திருத்தாமல் சாலைக்கு எடுக்காதீர்கள். எண்ணெய் டைப் எஃப் (பழைய ஃபோர்டு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) ஊற்றுங்கள்.

ஹூஸ்டன்_கராஜ்:
நான் இன்னும் புதுப் பெட்டி கட்சிதான். ஆனால் வாங்குவது என்று ஆகிவிட்டால், பணம் அனுப்புவதற்கு முன் ராம் தண்டை முழுதாக வெளியே இழுத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தண்டின் பளபளப்பில் துரு அரித்த குழி ஒன்று இருந்தாலும் எத்தனை சீல் மாற்றினாலும் கசியும். ஹோஸ் இரண்டையும் புதிதாகவே வாங்கிவிடுங்கள்.