முன்னாள் ராணுவத்தினருக்கு வீடியோ வழி மன ஆலோசனை: முதல் சந்திப்பு திரையிலா, நேரிலா?

(ஜவ்வாதுமலை, நேர்முகம், பாலாறு, அணைக்கட்டு என்ற புனைபெயர்களில் நால்வர் எழுதிய விவாதம்)

ஜவ்வாதுமலை

தூக்கம் வரவில்லை, கெட்ட கனவு, பொசுக்கென்று கோபம், வீட்டில் யாரோடும் பேச்சில்லை என்று ஒரு முன்னாள் ஜவானோ அவர் மனைவியோ வந்தால், நம் மாவட்டச் சங்கங்கள் என்ன வழி காட்ட வேண்டும்? "முதலில் போன் பண்ணுங்க, அடுத்து வீடியோவில் உட்காருங்க" என்றுதான் சொல்ல வேண்டும் என்கிறேன்.

காரணம் தூரம். மாத்திரைக்கு மாதம் ஒருமுறை முன்னாள் படையினருக்கான பாலிகிளினிக் போய்விடலாம். பேச்சு சிகிச்சை அப்படியல்ல. பிடிஎஸ்டிக்கு (போர் போன்ற பெரிய அதிர்ச்சிக்குப் பின் வரும் மனப்பாதிப்பு) நன்றாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட முறைகளில் சிபிடி (அதிர்ச்சி பற்றிய எண்ணங்களைச் சீராக்கும் முறை) சுமார் 12 அமர்வு. பிஇ (தவிர்க்கும் நினைவைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் முறை) 8 முதல் 15 அமர்வு, ஒவ்வொன்றும் பெரும்பாலும் 90 நிமிடம். வாரம் ஒன்று. செங்கம், கலசபாக்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து மூன்று மாதம் விடாமல் வேலூர் பஸ் ஏறுவது நடக்கிற காரியமா?

வழி ஏற்கெனவே இருக்கிறது. 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபர் 10ல் தொடங்கியது. நம் மாநிலத்தில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் தமிழிலேயே பேசுகிறார்கள். படையினருக்கும் குடும்பத்துக்கும் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் தனிப் பிரிவு 2023 டிசம்பரில் வந்தது. இதற்கு மேலும் "நேரில் வா" என்று சொல்லிக்கொண்டிருந்தால் யாரும் வரப்போவதில்லை.

நேர்முகம்

ஜவ்வாதுமலை சார், இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாக்குறீங்க. 14416 ஒரு உதவி எண். முதலில் ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் நிபுணருக்கு மாற்றுவார். ஒரே ஆள் 12 வாரம் உங்களோடு உட்கார்ந்து சிகிச்சை நடத்துவது அந்த ஏற்பாட்டின் வேலை இல்லை. சங்கத்தில் அதைத் தெரபி என்று சொல்லிவிட்டால், இரண்டாம் முறை வேறு குரல் வந்ததும் "இது வேலைக்கு ஆகாது" என்று போனை வைத்துவிடுவார்கள். பிறகு எதற்கும் வரமாட்டார்கள்.

என் பெரிய ஆட்சேபம் குடி. வாசனை, விரல் நடுக்கம், உள்ளங்கை வியர்வை, நாடி எதுவும் கேமராவில் சரியாகத் தெரியாது. பல வருஷமாகத் தினமும் குடிப்பவரிடம் ஆலோசகர் நல்லெண்ணத்தில் "விட்டுடுங்க" என்கிறார். அவரும் ராணுவ வைராக்கியத்தில் அன்றைக்கே விட்டுவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே நடுக்கமும் வியர்வையும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை டெலிரியம்: நாள் கிழமை தெரியாது, இல்லாத ஆட்கள் தெரிவார்கள், பழைய யூனிட் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். வீட்டில் என்ன நினைப்பார்கள்? "பழைய சண்டை ஞாபகம் வந்துடுச்சு, டாக்டர் சொன்ன அதே வியாதி" என்று கதவைச் சாத்திவிட்டு அடுத்த வீடியோ கால் வரை காத்திருப்பார்கள். அது போர் ஞாபகம் இல்லை. உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்து தயாமின் (வைட்டமின் பி1) ஊசியும் அமைதிப்படுத்தும் மருந்தும் கொடுக்கவேண்டிய, உயிர் போகக்கூடிய நிலை.

பாலாறு

நேர்முகம் சொல்லும் ஆபத்து முழுக்க உண்மை. அதற்காக எல்லோரையும் பஸ் ஏற்றத் தேவையில்லை. கேள்வியாலேயே பிரிக்கலாம்.

குடிப்பழக்கத்தை அளக்கும் ஆடிட் என்ற பத்துக் கேள்வித் தாளைப் போனிலேயே கேட்கலாம். மதிப்பெண் 8 அல்லது அதற்கு மேல் போனால் கவனம் வேண்டும், 20 அல்லது அதற்கு மேல் என்றால் அடிமையாகியிருக்க வாய்ப்பு அதிகம். எண்ணைவிட இரண்டு பதில்கள் முக்கியம்: காலையில் கொஞ்சம் போட்டால்தான் கை நிற்குமா? முன்பு நிறுத்தியபோது ஃபிட்ஸ் வந்ததா? ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் அவர் நேரில்தான் போக வேண்டும், விவாதமே இல்லை. அளவை மனைவியிடம் தனியாகக் கேளுங்கள். "எவ்வளவு குடிப்பார்" என்றால் "கொஞ்சம்" என்பார்கள். "ராணுவ கேன்டீன் பாட்டில் ஒன்று எத்தனை நாள் வரும்?" என்றால் சரியான கணக்கு வரும்.

மற்றவர்களுக்கு வீடியோ இரண்டாந்தர வழி இல்லை. அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையும் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து 2023ல் வெளியிட்ட பிடிஎஸ்டி வழிகாட்டுதல், இதே சிகிச்சைகளைப் பாதுகாப்பான வீடியோவில் கொடுப்பதைப் பரிந்துரைக்கிறது. முன்னேற்றத்தை அளக்க பிசிஎல்-5 என்ற பிடிஎஸ்டி கேள்வித்தாள் போதும்: 20 கேள்வி, மொத்தம் 80. 31–33 அல்லது அதற்கு மேல் என்றால் பிடிஎஸ்டி இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொண்டு விரிவாக விசாரிக்க வேண்டும். தொடர்ந்து கேட்டும் ஆறேழு அமர்வுக்குள் எண் நகரவே இல்லையென்றால் முறையை மாற்றணும். சும்மா பேசிக்கொண்டே இருக்கக் கூடாது.

கெட்டுப்போவது பெரும்பாலும் அறை ஏற்பாட்டில்தான். கதவு அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தால் நிமிஷத்துக்கொரு தடவை திரும்பிப் பார்ப்பார், பேச்சு ஓடாது. முதுகு சுவரிலும், கதவு கண் பார்வையிலும் இருக்கும்படி நாற்காலியைப் போடச் சொல்லுங்கள். இரண்டு காதையும் அடைக்கும் ஹெட்போன் வேண்டாம். வெளிச் சத்தம் கேட்காவிட்டால் பலருக்குப் பதற்றம் ஏறும். ஒரு காதில் மட்டும் இயர்போன். போனைக் கையில் பிடிக்காமல் டம்ளர் மேல் சாய்த்து, முகமும் கைகளும் தெரியும்படி வைக்கணும். கைதான் பாதி சேதி சொல்லும்.

நேர்முகம்

மேடம், இரண்டு அறை வீட்டில் அந்த நாற்காலியை எங்கே போடுவது? பக்கத்து அறையில் அம்மா டிவி பார்க்கிறார், வாசலில் பிள்ளை. மனைவி தன் பக்கத்தைச் சொல்ல நினைத்தால் இன்னும் கஷ்டம். அடி வாங்குகிறவர் அதே வீட்டிலிருந்து வீடியோவில் பேசினால் யார் கேட்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. "எல்லாம் நல்லா இருக்கு" என்பதை நம்பி ஃபைலை மூடிவிடுவோம்.

அடுத்தது காது. 1987–90ல் இலங்கைக்குப் போன அமைதிப்படையில் இருந்தவர்களில் பலருக்கு இன்று 60 தாண்டிவிட்டது. பீரங்கிப் பிரிவில் இருந்தவர்களுக்குக் கேட்கும் திறன் ஏற்கெனவே குறைவு. குரல் அரை வினாடி தாமதமாக வந்தால் "ஆங், சரி சரி" என்று தலையாட்டுவார்கள். சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம். எதுவும் போய்ச் சேர்ந்திருக்காது.

மருந்துக்கும் எல்லை உண்டு. 2020 தொலைமருத்துவ விதிகளின்படி அல்ப்ரசோலம், டயசெபம் ஆகிய பதற்றம் குறைக்கும் மாத்திரைகளைத் திரையில் எழுத முடியாது. கெட்ட கனவுக்குப் பிரசோசின் ஆரம்பித்தால் எழுந்து நிற்கும்போது பிபி இறங்கும். ப்ராஸ்டேட் மாத்திரையும் சாப்பிடுகிறவர் ராத்திரி பாத்ரூம் போகையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வார். படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து ஒருமுறை பிபி பார்க்க ஆள் வேண்டும்.

பாலாறு

அல்ப்ரசோலம் எழுத முடியாதது நல்லதே. அதே 2023 வழிகாட்டுதல் பிடிஎஸ்டிக்கு அந்த வகை மாத்திரைகள் வேண்டாம் என்கிறது. பிபி பார்க்க பாலிகிளினிக் நர்ஸ் போதும். அந்த பிபி அளவை வாட்ஸ்அப்பில் வாங்கலாம். காதுக்கு: வீடியோவை ஓடவிட்டு, ஒலியை மட்டும் சாதாரண போன் காலில் பேசினால் தாமதம் பெரும்பாலும் போய்விடும். ஒவ்வொரு பத்து நிமிஷமும் "நான் சொன்னதை உங்க வார்த்தையில் சொல்லுங்க" என்று கேட்கணும்.

மனைவி விஷயத்தில் நேர்முகத்தோடு ஒத்துப்போகிறேன். அடி இருக்கிறது என்ற சந்தேகம் வந்தாலே அவரைத் தனியாக, வீட்டுக்கு வெளியே பார்க்க வேண்டும். கணவன் மனைவி சேர்ந்த அமர்வு அப்போது கூடவே கூடாது. மற்ற வீடுகளில் பிள்ளைகள் ஸ்கூல் போன பிறகு 10 மணி வாக்கில், கணவர் டூட்டிக்குப் போன நேரம் பார்த்து மனைவிக்குத் தனி நேரம் கொடுங்கள். பல குடும்பங்களில் முதலில் கதவைத் தட்டுவது மனைவிதான்.

அணைக்கட்டு

நிர்வாகப் பக்கம் யாரும் தொடாததால் எழுதுகிறேன். பாலிகிளினிக் தரும் ரெஃபரல் (பரிந்துரைக் கடிதம்) இல்லாமல் தனியார் ஆப்பில் காசு கட்டிவிட்டு, ஈசிஹெச்எஸ் என்ற முன்னாள் படையினர் மருத்துவத் திட்டத்தில் பில் போட்டால் வராது. பட்டியலில் உள்ள மருத்துவமனை வீடியோவில் தொடரச் சம்மதிக்குமா என்று ரெஃபரல் வாங்கும்போதே கேட்டு எழுதி வாங்குங்க. எதிரே உட்காருகிறவர் யார் என்பதும் முக்கியம். மருத்துவர் என்றால் பதிவு எண், கிளினிகல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண். கேட்டால் கோபப்படுகிறவரிடம் போகாதீங்க.

"வெளியே தெரிஞ்சுடும்" என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. டிஎஸ்சியில் (பாதுகாப்புத் துறை நிலையங்களைக் காக்கும் படை) மறுபடி சேர நினைப்பவருக்கு ஷேப்-1 என்ற முழு மருத்துவத் தகுதி வேண்டும், அதில் 'எஸ்' என்பதே மனநிலைக்கான எழுத்து. அவர் பயப்படுவதில் அர்த்தம் இருக்கு. 2017 மனநலச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியத்தைக் காக்கிறது. ஆனால் உயிருக்கு ஆபத்து, அடுத்தவருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்றவை விதிவிலக்கு. இதை முதல் அமர்விலேயே சொல்லிவிடணும். அதே சட்டத்தில் ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டு நியமனப் பிரதிநிதி ஒருவரை எழுதிவைக்கலாம். நெருக்கடியில் யாரைக் கூப்பிடுவது என்ற குழப்பம் அதில் தீரும்.

நேர்முகம்

நல்ல தகவல். ஆனால் துப்பாக்கியை எல்லாரும் மறந்துட்டீங்க. பேங்க் காவலுக்குப் போகிறவர்களில் பலர் சொந்த லைசென்ஸில் 12 போர் ரகத் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். அந்தத் துப்பாக்கிதான் வேலை, வேலைதான் சம்பளம். அதனால் தற்கொலை எண்ணத்தைக் கேட்டால் "இல்லை" என்றுதான் வரும். திரையில் அந்த "இல்லை"யைத் தாண்டிப் போவது கடினம்.

ஜவ்வாதுமலை

அதற்கும் நேரில் கூப்பிடுவதுதான் பதில் என்று நான் ஏற்கவில்லை அண்ணா. "உங்களைச் சுட்டுக்கொள்ளத் தோணுதா" என்று தொடங்காமல் "துப்பாக்கி எங்கே இருக்கு, தோட்டா எங்கே, சாவி யாரிடம்" என்று கேட்டால் ராணுவத்தில் இருந்தவர் பழக்கத்திலேயே ஒழுங்காகப் பதில் சொல்வார். இரண்டும் ஒரே பீரோவில் இருந்தால் தோட்டாவை அன்றே வேறு இடத்தில் தனியாகப் பூட்டச் சொல்லலாம். துப்பாக்கியை லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையில் பாதுகாப்புக்கு ஒப்படைத்து ரசீது வாங்கலாம். தேர்தல் சமயத்தில் ஸ்டேஷனில் ஒப்படைத்துப் பழகியவர்கள்தானே, அவமானமாக நினைக்கமாட்டார்கள்.

பாலாறு

அதோடு ஒவ்வொரு அமர்வும் மூன்று கேள்வியில் தொடங்கணும்: இப்போது எங்கே இருக்கீங்க, முழு முகவரி? பக்கத்தில் யார், அவர் நம்பர்? லைன் அறுந்தால் யார் யாரைக் கூப்பிடுவது? பிஇயில் நடந்ததைக் கண்ணை மூடிச் சொல்லச் சொல்வோம். பதற்றம் 100க்கு 80, 90ல் இருக்கும்போது நெட் போனால் அந்த இடத்திலேயே அவர் தனியாக மாட்டிக்கொள்வார். இரண்டு நிமிஷத்துக்குள் சாதாரண போன் காலில் பிடிக்கணும். எடுக்கவில்லையென்றால் பக்கத்தில் இருப்பவருக்கு, பிறகு 108. அவர் பஸ்ஸிலோ டூட்டியிலோ இருந்தால் அன்றைக்கு அந்தப் பகுதியைத் தொடவே கூடாது.

நேர்முகம்

இவ்வளவு கவனமாகச் செய்தால் எனக்கும் பாதி ஆட்சேபம் போய்விடும். இப்படிச் செய்கிறவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கவலை. ஒருமுறையாவது நேரில் பார்த்த பிறகு வீடியோ என்பதே என் நிலை.

ஜவ்வாதுமலை

அதை எல்லோருக்கும் கட்டாயமாக்கினால் அந்த ஒருமுறைக்கே வராதவர்களை இழப்போம். குடி, துப்பாக்கி விஷயத்தில் மட்டும் உங்கள் பேச்சை ஏற்கிறேன். சங்க அறிவிப்பை இப்படிப் போடலாமா: "1. 14416க்குப் பேசுங்கள். 2. பாலிகிளினிக்கில் ரெஃபரல் கேளுங்கள். 3. ஆலோசகரின் பதிவு எண்ணைச் சரிபாருங்கள். 4. தினமும் குடிப்பவர்களும், வீட்டில் துப்பாக்கி இருப்பவர்களும் நேரில் செல்லவும்."

நேர்முகம்

நாலாவதை முதல் வரியாக்குங்க. அறிவிப்புப் பலகையில் நாலாவது வரி வரைக்கும் யாரும் படிக்கிறதில்லை. அதில் "குடியைத் திடீரென்று நீங்களாக நிறுத்தாதீர்கள்" என்பதையும் சேர்த்தால் நானே கையெழுத்துப் போடுறேன்.