புதுப்பிப்பு: அம்மாவின் விக், பிடரிச் சிக்கு, போர் தண்ணீர்

கீமோவுக்குப் பிறகு அம்மா வைத்துக்கொள்ளும் அசல் முடி விக், பிடரிப் பக்கம் மட்டும் சிக்காகித் தும்பு மாதிரி ஆகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது நன்றாகவே இருக்கிறது.

பெரிய வித்தியாசம் தண்ணீரில்தான். எங்கள் போர் தண்ணீர் ஒரே உப்பு. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் முடியில் படிந்து சொரசொரவென்று ஆக்கிவிடும். கடைசி அலசலை மட்டும் கேன் தண்ணீருக்கு மாற்றினோம். இப்போது விரலை விட்டால் நுனிவரை தடையில்லாமல் போகிறது.

தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். விக்குக்குத் தலையிலிருந்து எண்ணெய்ப் பசை கிடைக்காது, அதனால் அது காய்வது உண்மைதான். ஆனால் எங்களுடையது வலைத்துணியில் ஒவ்வொரு முடியாக முடிச்சுப் போட்டது. எண்ணெயோ கண்டிஷனரோ அங்கே பட்டால் முடிச்சு நழுவி முடி கழன்றுவிடும். கண்டிஷனர் பாதி நீளத்துக்குக் கீழேதான். “எண்ணெய் வைக்காத தலையும் ஒரு தலையா?” என்று அம்மா இன்னும் முணுமுணுக்கிறார், அது வேறு கதை.

சீப்பு பெரிய பல்லாக இருக்கட்டும். நுனியில் ஆரம்பித்து மேலே போக வேண்டும். தூங்கும்போது கழற்றிவிடுங்கள்.

அப்புறம், புதிதாக வாங்குபவர்கள் ‘ரெமி’ முடியா என்று கேளுங்கள். வேரும் நுனியும் ஒரே திசையில் இருக்கும் முடி அது, சிக்கு குறைவு. திருப்பதியில் காணிக்கையாகக் கொடுக்கும் நீள முடிக்கு ஏலத்தில் அவ்வளவு கிராக்கி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.