எக்செல் கணக்குத் தாள்: எல்லாம் கட்டம் கட்டமாக, கண்ணை உறுத்துகிறது

கேள்வி
அடுக்ககப் பராமரிப்புக் கணக்கு. 48 வீடுகள், 9 நெடுவரிசைகள். எல்லாக் கட்டத்துக்கும் பார்டர், கட்டியவர்களுக்குப் பச்சை, பாக்கிக்குச் சிவப்பு. ஏ4 தாளில் கறுப்பு வெள்ளையாக அச்செடுத்தால் எதுவும் எடுப்பாகத் தெரியவில்லை. 1,25,000 என்று வர வேண்டியது 125,000 என்று வருகிறது. தமிழ்ப் பெயர்களில் எழுத்தின் அடிப்பகுதி வெட்டுப்படுகிறது. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: கோடில்லாதான்
முதலில் எல்லாப் பார்டரையும் எடுத்துவிடுங்கள். வியூவில் கிரிட்லைன்ஸ் டிக்கையும் நீக்குங்கள். பிறகு தலைப்பு வரிசைக்குக் கீழே ஒரு கோடு, மொத்தத்துக்கு மேலே ஒரு மெல்லிய கோடு; அவ்வளவு போதும். செங்குத்துக் கோடே வேண்டாம். பெயர் இடப்பக்கம், தொகை வலப்பக்கம், தலைப்பும் அதனதன் நெடுவரிசையைப் போலவே. தொகைக்கு அடுத்து 'குறிப்பு' வந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். தொகை நெடுவரிசையைத் தேர்ந்து, கன்ட்ரோல்+1 அழுத்தி, அலைன்மென்டில் ரைட் (இன்டென்ட்), அளவு 1 கொடுங்கள். 'ரூ.' ஒவ்வொரு கட்டத்திலும் எதற்கு? தலைப்பில் ஒரு முறை போதும்.

பச்சையைக் கட்டாயம் எடுங்கள். பெரும்பாலோர் கட்டியிருக்கும்போது தாள் முழுக்கப் பச்சையாகி, பாக்கி அதில் மறைந்துபோகும். கறுப்பு வெள்ளையில் இரண்டு நிறமும் ஏறக்குறைய ஒரே சாம்பல்தான். பாக்கித் தொகையைத் தடித்த எழுத்தாக்கினால் அச்சிலும் தெரியும்.

பதில்: லட்சக்கமா
கமாவுக்கு, கன்ட்ரோல்+1, நம்பர், கஸ்டம் போய் இதை ஒட்டுங்கள்:

[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;#,##0

மேல் தலைப்பை மெர்ஜ் செய்திருந்தால் (பல கட்டங்களை ஒன்றாக இணைத்திருந்தால்) பிரித்துவிட்டு, அலைன்மென்டில் 'சென்டர் அக்ராஸ் செலக்ஷன்' கொடுங்கள். பார்வைக்கு அதே தோற்றம்தான். பட்டியலுக்குள் மெர்ஜ் இருந்தால் வரிசைப்படுத்தும்போது (Sort) பிழைச் செய்தி வரும்.

பதில்: எழுத்துரு
எழுத்து வெட்டுப்படுவது வரிசை உயரத்தைக் கையால் குறுக்கியதால் இருக்கும். அப்படிக் குறித்துவிட்டால், எழுத்துருவை மாற்றினாலும் உயரம் தானாகக் கூடாது. 'ளு', 'மூ' போன்றவற்றின் வளைவு கீழே இறங்குவதால் அங்கேதான் முதலில் தெரியும். நிர்மலா யுஐ எழுத்துரு, அளவு 11 வைத்து, உயரம் 21, செங்குத்தில் நடுவில் வையுங்கள். அச்சுக்கு பேஜ் லேஅவுட்டில் அகலம் 1 பக்கம், உயரம் ஆட்டோமேட்டிக். பிரின்ட் டைட்டில்ஸில் தலைப்பு வரிசையைக் குறித்தால் இரண்டாம் பக்கத்திலும் தலைப்பு வரும்.

கேட்டவர்
நன்றி, தாள் பளிச்சென்று ஆகிவிட்டது. ஆனால் பற்றாக்குறைத் தொகை மட்டும் -150,000 என்றே வருகிறதே?

பதில்: லட்சக்கமா
அந்த வடிவத்தில் இரண்டு நிபந்தனைக்குத்தான் இடம். கழித்தல் எண்கள் மூன்றாம் பகுதிக்குப் போய்விடும். கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் (நிபந்தனைக்கு ஏற்ப வடிவம் மாற்றும் வசதி) -100000-க்குச் சமம் அல்லது குறைவு என்று விதி வைத்து, நம்பர் வடிவமாக ##\,##\,##0 கொடுங்கள். -1,50,000 என்று வரும்.