சூடான எஞ்சினில் ஒற்றை "டக்": பற்றரியா, ஸ்டார்ட்டரா?

மரைன்_ட்ரைவ்:
2008 ஜப்பான் கார், 1.5 லீற்றர் பெற்றோல், ஓட்டோ கியர், சாவி ஸ்டார்ட். காலையில் ஒரே திருப்பில் பிடிக்குது. வெள்ளவத்தையில இருந்து புறக்கோட்டைக்கு ஓடி, 10 நிமிஷம் நிப்பாட்டிப்போட்டு திருப்பினால் ஒரு "டக்" மட்டும். டாஷ் லைட் பளிச்சென்று நிக்குது. மூன்றாம் நாலாம் திருப்பில் சுத்துது. பற்றரிக்கு இரண்டரை வருஷம். ஒரு கராஜில் பற்றரி என்கினம், இன்னொன்றில் ஸ்டார்ட்டர் என்கினம்.

பழைய_கராஜ்:
பற்றரியை மாத்துங்கோ தம்பி. கொழும்புச் சூட்டில் இரண்டரை வருஷம் ஓடினதே பெரிசு. காலி வீதி நெரிசலில் ஏசியும் போட்டு ஐட்லில் நிண்டால் ஆல்டர்னேட்டர் (ஓடேக்க பற்றரியைச் சார்ஜ் பண்றது) குடுக்கிறது செலவுக்கே காணாது.

மீற்றர்காரன்:
அண்ணை, பற்றரி சோர்ந்தால் முதலில் காட்டிக்குடுக்கிறது காலையில், இரவு முழுக்க நிண்ட பிறகு. இங்கை தலைகீழ். சத்தமும் பொருந்தேல்லை. பலமில்லாத பற்றரி "டக டக டக" என்று அடுக்காய் அடிக்கும்: சொலினாய்ட் (ஸ்டார்ட்டரோடு இருக்கிற மின்காந்த சுவிட்ச்) இழுக்கும், மோட்டர் கரண்டை உறிஞ்ச வோல்ற் விழும், சொலினாய்ட் விடும், திரும்ப இழுக்கும். ஒற்றை டக் என்றால் பெரும்பாலும் சொலினாய்ட் இழுத்தும் உள்ளே செப்புக் கொன்ராக்ட் தொடுபடேல்லை.

ஹெட்லைட்டைப் போட்டு சாவியைத் திருப்புங்கோ. வெளிச்சம் குறையாட்டில் மோட்டருக்குக் கரண்ட் போகவேயில்லை. நல்லா மங்கினால் பற்றரி அல்லது இறுகின மோட்டர். அடியோடு அணைஞ்சால் பற்றரி டெர்மினல் லூஸ்.

பழைய_கராஜ்:
கொன்ராக்ட் தேய்ஞ்சதெண்டால் காலையிலும் தேய்ஞ்சுதானே இருக்கும்? ஏன் சூட்டில் மட்டும்?

மீற்றர்காரன்:
சொலினாய்டின் செப்புச் சுருளின் தடை 60 பாகை சூடு கூடினால் கிட்டத்தட்ட கால்வாசி கூடும். அதோடு இழுவையும் குறையும். தேய்ஞ்ச கொன்ராக்டுக்கு பிளஞ்சர் (சொலினாய்டுக்குள்ள இழுபடுற இரும்புத் தண்டு) இன்னும் கொஞ்சம் உள்ளே போகவேணும். குளிரில் எட்டுது, சூட்டில் எட்டேல்லை.

கொட்டாஞ்சேனை13:
ஏர்த்தை (பற்றரி மைனஸை எஞ்சினோடு சேர்க்கிற இணைப்பு) ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை? மரைன் ட்ரைவில் நிண்ட கார் எண்டால் உப்புக்காத்து ஏர்த் கேபிளின் போல்ட்டைச் சும்மா விடாது. வேறொன்று: எஞ்சின் ஓடேக்க பற்றரி வயரைக் கழட்டி ஆல்டர்னேட்டர் "பாக்கிற" பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கு. விடாதேங்கோ, டயோடும் இசியுவும் (எஞ்சின் கொம்பியூட்டர்) போகும். எஞ்சின் ஓடேக்க பற்றரியில் மீற்றர் 13.8 முதல் 14.5 வோல்ற் காட்டினால் போதும்.

மீற்றர்காரன்:
ஏர்த் சரியான கேள்வி. மீற்றரின் ஒரு முனை பற்றரியின் மைனஸ் ஈயத்தலையில் (கிளாம்பில் இல்லை), மற்றது எஞ்சின் புளொக்கில். ஸ்டார்ட் பண்ணேக்க 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் ஏர்த் பிழை. ஆனால் மோட்டர் சுத்தேக்கதான் இதைப் பாக்கவேணும். வெறும் டக் வரேக்க பெரிய கரண்ட் ஓடாது, மீற்றர் கிட்டத்தட்ட 0 காட்டும். அதை வைச்சு ஏர்த் நல்லம் எண்டு சொல்லேலாது.

டக் வரேக்க ஸ்டார்ட்டரின் மொத்த வயர் போல்ட்டைப் பாருங்கோ, மைனஸ் முனை ஸ்டார்ட்டர் உடம்பில். அங்கை 12 வோல்ற் அப்படியே நிண்டு, சாவியில் இருந்து சொலினாய்டுக்கு வாற மெல்லிய வயரிலும் 10க்கு மேல் வந்தும் சுத்தாட்டில், கோளாறு ஸ்டார்ட்டருக்குள்ளதான். இதுகளைப் பாக்கேக்க பி கியரில் விட்டு, ஹேண்ட் பிரேக் போடுங்கோ, ஓடுற பெல்ட்டுக்குக் கிட்டக் கை வைக்காதேங்கோ.

மரைன்_ட்ரைவ்:
பார்த்தாச்சு. மொத்த வயர் 12.3, மெல்லியது 11.5. ஹெட்லைட் மங்கேல்லை.

மீற்றர்காரன்:
கொன்ராக்ட்தான். முதலில் பற்றரி மைனஸைக் கழட்டுங்கோ. ஸ்டார்ட்டரை இறக்கி சொலினாய்ட் மூடியைத் திறந்தால் இரண்டு செப்புத் துண்டு. பற்றரிப் பக்கத்துண்டுதான் கூடத் தின்னுப்பட்டிருக்கும். இரண்டையும் சேர்த்தே மாத்துங்கோ, ஒன்று மட்டும் புதுசெண்டால் உயரம் ஒத்துவராது, பிளஞ்சர் சரிஞ்சு தொடும். பிளஞ்சர் தட்டும் குழிஞ்சால் அதையும் மாத்துங்கோ. திறந்த கையோடு மோட்டரின் கரி பிரஷ் நீளத்தையும் பாருங்கோ. பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் ஸ்டார்ட்டர் எடுக்கிறது எனக்குப் பிடிக்காது. அதுக்குள்ளும் இதே தேய்ஞ்ச செப்பு இருக்கலாம்.

பழைய_கராஜ்:
செய்யுங்கோ. ஆனால் செப்பு ஏன் எரிஞ்சது? வோல்ற் விழுந்த பற்றரியில் சொலினாய்ட் துடிச்சுத் துடிச்சுத் தீப்பொறி விட்டதாலையும் எரியும். பற்றரியை இப்பவும் நான் விடேல்லை. அதோடு, ஓடி வந்த உடன மீற்றர் காட்டுற வோல்ற்றில் மேல்சார்ஜும் (கொஞ்ச நேரத்தில் இறங்கிப்போற உயர்வு) சேர்ந்திருக்கும். ஹெட்லைட்டை 2 நிமிஷம் எரியவிட்டு, அணைச்சுப்போட்டு அளக்கவேணும்.

மீற்றர்காரன்:
அப்ப லோட் டெஸ்ட். சிசிஏ அளவில் (பற்றரியில் எழுதியிருக்கிற குளிர் ஸ்டார்ட் அம்பியர்) பாதி கரண்டை 15 செக்கன் இழுத்து, 9.6 வோல்ற்றுக்குக் கீழ் விழுந்தால் பற்றரியையும் வாங்கட்டும். விழாட்டில் அந்தக் காசு மிச்சம்.