சிங்கப்பூரில் ஆசிரியருக்கு 74 நாள் மருத்துவ விடுப்பா?

கரும்பலகை:
"டீச்சர் வேலைன்னா 14 நாள் எம்சி (மருத்துவச் சான்றிதழ் விடுப்பு), அதுக்கு மேல 60 நாள் ஆஸ்பத்திரி லீவு, மொத்தம் 74 நாள் சும்மா சம்பளம்" என்று தேக்காவாசி வேறொரு திரியில் எழுதியிருக்கிறார். தப்பான கணக்கு. அந்த 60-க்குள்தான் 14-உம் அடக்கம். காய்ச்சலுக்கு மூன்று நாள் எம்சி எடுத்தவர் அதே ஆண்டு வார்டில் சேர்ந்தால் மிச்சம் 57தான். அதுவும் ஆறு மாதம் வேலை பார்த்த பிறகு. மூன்று மாதம் முடித்தவருக்கு எம்சி 5 நாள், ஆஸ்பத்திரி விடுப்பு 15 நாள்; நான்கு மாதத்தில் 8, 30; ஐந்தில் 11, 45.

தேக்காவாசி:
வந்துட்டாரு வாத்தியார். பாலர் பள்ளி ஒப்பந்தத்துல 14 தனி வரி, 60 தனி வரி. கூட்டினா 74.

கரும்பலகை:
இரண்டு வரியாக அடித்ததால் இரண்டு விடுப்பு ஆகிவிடுமா? "கூடுதலாக" என்று எங்காவது இருக்கிறதா, காட்டுங்கள்.

புக்கிட்பாத்தோக்_அக்கா:
யாரைப் பத்திப் பேசுறீங்க ரெண்டு பேரும்? கல்வி அமைச்சு ஆசிரியர் அரசாங்க ஊழியர். வேலை நியமனச் சட்டம் அவங்களுக்குப் பொருந்தாது, பொதுச் சேவை விதிகள்தான். தனியார் பாலர் பள்ளி, துணைப்பாட நிலையத்துல வேலை பார்க்கிறவங்களுக்குத்தான் அந்தச் சட்டம்.

தேக்காவாசி:
யாரா இருந்தா என்ன அக்கா, 74 74தான். போன மாசம் மசேநி (மத்திய சேம நிதி) திரியிலயும் இவர் இப்படித்தான் சட்டப் புத்தகத்தைத் தூக்கிட்டு வந்தாரு.

கரும்பலகை:
தூக்கிவர ஒருவராவது வேண்டாமா? வார்டில் படுத்தால்தான் ஆஸ்பத்திரி விடுப்பு என்பதும் தப்பு. பகல்நேர அறுவை சிகிச்சை, சிக்கலான கர்ப்பத்துக்குப் படுக்கை ஓய்வு எல்லாம் சேரும். ஆனால் நோயாளியை ஆஸ்பத்திரியில் சேர்க்கும் உரிமையுள்ள மருத்துவர் எழுதித்தர வேண்டும். அழகு சிகிச்சைக்குக் கிடையாது. மலேசியாவின் ஜொகூர் கிளினிக் எம்சியும் சீன மருத்துவர் எம்சியும் சட்டப்படி செல்லாது. முதலாளி மனம்வைத்து ஏற்றால் உண்டு. 48 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லாவிட்டால் நல்ல எம்சி இருந்தும் சிக்கல்தான். ஓய்வு நாளையும் பொது விடுமுறையையும் எம்சிக் கணக்கில் கழிக்கக்கூடாது. பல நிலையங்கள் கழிக்கின்றன. இதைக் கேட்டால் யாரும் சண்டைக்கு வருவதில்லை, 74-க்கு மட்டும் வருகிறார்கள்.

பாலர்பள்ளி_டீச்சர்:
பிள்ளைக்கு உடம்பு சரியில்லைன்னா தன் பேர்ல எம்சி வாங்குறாங்களே, அதைப் பேசுங்க சார். குடியுரிமை உள்ள பிள்ளைக்கு ஏழு வயசுக்குள்ள ஆண்டுக்கு 6 நாள் பராமரிப்பு விடுப்பு இருக்கு.

ஜூரோங்காரர்:
ரெண்டு பிள்ளைன்னா 12.

கரும்பலகை:
இல்லை தம்பி. விடுப்பு பெற்றோர் கணக்கு, பிள்ளை கணக்கு இல்லை. நான்கு பிள்ளை இருந்தாலும் அம்மாவுக்கு 6, அப்பாவுக்கு 6. ஏழு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளை மட்டும் என்றால் 2. உங்கள் 12 இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கான சம்பளமில்லா விடுப்பு. 2024-இல் ஆறிலிருந்து கூட்டினார்கள்.

ஜூரோங்காரர்:
அம்மா 6, அப்பா 6. அப்போ வீட்டுக்கு 12தானே? அதைத்தான் சொன்னேன்.

கரும்பலகை:
அதைச் சொல்லவில்லை. "ரெண்டு பிள்ளைன்னா" என்றீர்கள். மேலே அப்படியே இருக்கிறது.

புக்கிட்பாத்தோக்_அக்கா:
நாள் இருந்தும் எடுக்க முடியலையே, அதை யாரும் பேச மாட்டீங்களா? கணக்குப் பாடத்துக்கு ரிலீஃப் (மாற்று) ஆசிரியர் கிடைப்பாங்க. தமிழுக்குப் பள்ளியில இருக்கிறதே ரெண்டு மூணு பேர். ஒருத்தர் வரலைன்னா அடுத்தவர் ரெண்டு வகுப்பையும் ஒண்ணா உட்காரவச்சுச் சமாளிக்கணும். பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) வாய்மொழித் தேர்வு நேரத்துல எம்சி எடுக்கவே பயப்படுறாங்க.

தேக்காவாசி:
அதான் அக்கா, பாதி நாள் எடுக்கவே மாட்டாங்க. 74 கொடுத்தாத்தான் என்ன?

கரும்பலகை:
கொடுத்தால் நல்லது. கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதியதுதான் பொய். 60.

தேக்காவாசி:
"உட்பட"ன்னு ஒப்பந்தத்துல போடாத வரைக்கும் 74.

கரும்பலகை:
"கூடுதலாக" என்று போடாத வரைக்கும் 60. நிர்வாகத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிப் போடுங்கள்.

தேக்காவாசி:
நீங்க சொல்லி நான் கேக்கணுமா?