ரத்தநாள ஆராய்ச்சியிலிருந்து மரபணுப் பரிசோதனை லேபுக்கு: சென்னையில் பயிற்சி எங்கே?

வணக்கம். ரத்தநாள மரபியலில் பிஎச்டி முடித்த ஒருவருக்கு கிளினிக்கல் லேப் பயிற்சி வேண்டும். அமெரிக்காவில் இதற்கென்றே 2 வருட ஃபெலோஷிப் உண்டு, பிஎச்டிக்காரர்களும் சேரலாம். இங்கே அதற்கு ஈடாக என்ன இருக்கிறது?

பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்குவது), சாங்கர் (டிஎன்ஏ வரிசையைப் படிப்பது) எல்லாம் கைப்பழக்கம்தான். இடிப்பது ரிப்போர்ட் எழுதுவதில். எஃப்பிஎன்1 ஜீனில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் மாறியிருந்தால், மார்ஃபான் என்ற பரம்பரை இணைப்புத்திசு நோய்க்கு வலுவான சாட்சி. மற்ற மிஸ்சென்ஸ் (ஒரு அமினோ அமிலத்துக்குப் பதில் வேறொன்று வரும்) மாற்றங்கள் பலவும் 'பொருள் தெளிவில்லை' என்றே நிற்கும். 2015 ஏசிஎம்ஜி (அமெரிக்க மருத்துவ மரபியல் அமைப்பு) விதிகளின், 'நோய்க்காரணி' முதல் 'தீங்கற்றது' வரையான 5 வகைகளில் எதில் வைப்பது என்பது கேஸ் பார்த்துப் பார்த்துத்தான் பிடிபடும். ஆராய்ச்சிக்காரர் கை 'நோய்க்காரணி' பக்கமே சாயும், அதுதான் ஆபத்து.

அதேபோல ஹெச்ஹெச்டி (ரத்தநாளங்கள் தவறாக உருவாகி ரத்தம் கசியும் பரம்பரை நோய்) சந்தேகத்தில் சீக்வென்சிங் சுத்தமாக வந்தாலும் இஎன்ஜி ஜீனில் எக்ஸான் (ஜீனின் ஒரு துண்டு) இழப்பு ஒளிந்திருக்கலாம். அதைப் பிடிக்க எம்எல்பிஏ (ஜீன் துண்டுகள் எத்தனை பிரதி என்று அளக்கும் சோதனை) ஓட்டினால், ஒப்பீட்டு சாம்பிளின் டிஎன்ஏவையும் அதே முறையில் பிரித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இல்லாத இழப்பைக் காட்டும்.

கேரியோடைப் (குரோமோசோம்களைப் பார்ப்பது), ஃபிஷ் (ஒளிரும் சாயத்தால் குரோமோசோம் பகுதியைத் தேடுவது), என்ஜிஎஸ் (ஒரே நேரத்தில் பல ஜீன்களைப் படிப்பது) மூன்றும் நடக்கிற, மருத்துவ லேப்களுக்கான ஐஎஸ்ஓ 15189 தரத்தில் என்ஏபிஎல் (லேப்களுக்கான இந்திய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள லேப் எதுவும் 6 மாதமாவது சேர்த்துக்கொள்ளுமா? எம்பிபிஎஸ் இல்லாதவர் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட விடுகிறார்களா? ஸ்டைபெண்ட் உண்டா? போரூரோ தரமணியோ, தூரம் பிரச்சினை இல்லை.